முப்பது அடிச் சுவரும் நாற்பது லிட்டர் தண்ணீரும்

முதல் நாள்: சான் டியாகோ, கடற்கரை

அமெரிக்க–மெக்சிகோ எல்லையின் மொத்த நீளம் சுமார் 3,145 கிலோமீட்டர். அதன் மேற்கு முனையில் தொடங்கி, சுவரை ஒட்டியே கிழக்கே அரிசோனாவின் டூசான் நகரம் வரை போய், அனுமதியில்லாமல் எல்லை கடப்பவர்களின் வழிகளைப் பார்ப்பது இந்த எட்டு நாள் பயணத்தின் திட்டம்.

சான் டியாகோவிலிருந்து தெற்கே அரை மணி நேரத்தில் பார்டர் ஃபீல்டு பூங்கா. மழை பெய்தால் டிஹுவானா ஆற்றின் சேறும் சாக்கடையும் சாலையை மூடிவிடும். வண்டியை வாசலில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மேட்டின் மேல் 258ஆம் எண் எல்லைக்கல். அதை ஒட்டி இரும்புச் சுவர் மணலில் இறங்கி, கடலுக்குள் சிறிது தூரம் போய் நின்றுவிடுகிறது.

சுவர் முடியும் இடத்தில் கடல்வழி தொடங்குகிறது. ‘பாங்கா’ என்ற திறந்த மீன்பிடிப் படகில், விளக்கில்லாமல், இரவில் வடக்கே போய் ஏதாவது ஒரு கரையில் கடத்தல்காரர்கள் ஆட்களை இறக்குவார்கள். ஆழ்கடலைவிடக் கரையேறும் கடைசி நூறு மீட்டர்தான் ஆபத்து: மூடுபனி, மணல் திட்டு, உடையும் அலை. 2023 மார்ச்சில் எல்லைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே, பிளாக்ஸ் கடற்கரையில் அப்படி வந்த படகு கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள்.

இந்தப் பூங்காவை 1971-ல் அதிபர் நிக்சனின் மனைவி பாட் நிக்சன் திறந்துவைத்தபோது இங்கே இருந்தது வெறும் முள்கம்பி. 90களின் தொடக்கத்தில்தான் இரும்பு வந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் தற்காலிக இறங்குதளம் போடப் பயன்பட்ட தகடுகளை நிமிர்த்தி நட்டார்கள். தகட்டின் நெளிவுகள் படுக்கை வாக்கில் அமைந்ததால் சுவர் தானே ஏணியாகவும் ஆனது!

1994 அக்டோபர் 1 அன்று ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ தொடங்கியது. வேலி, விளக்கு, ஆள் என மூன்றையும் சான் டியாகோவில் குவித்தார்கள். கடக்க வருபவர்கள் இன்னும் கடுமையான நிலப்பரப்புக்குத் தள்ளப்படுவார்கள் என்று எல்லைக் காவல் படையின் அந்த ஆண்டுத் திட்ட ஆவணமே சொல்கிறது. சொன்னபடியே நடந்தது. 1994 நிதியாண்டில் சான் டியாகோ பிரிவில் பிடிபட்டது 4,50,152 தடவை. டூசான் பிரிவில் 1,39,473. 2000-ல் சான் டியாகோ 1,51,681 ஆக இறங்கியது. டூசான் 6,16,346 ஆக ஏறியது. (இது ஆள் கணக்கல்ல. ஒரே ஆள் மூன்று முறை பிடிபட்டால் மூன்று.) மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுவதில்லை, தாழ்ந்த வரப்பைத் தேடிப் போகும். இங்கே தாழ்ந்த வரப்பாக விடப்பட்டது சொனோரப் பாலைவனம்.

இரண்டாம் நாள்: ஓட்டாய் மேசா

சுவரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆறு அங்குலச் சதுர எஃகுக் குழாய்கள், உள்ளே கான்கிரீட், இரண்டு குழாய்களுக்கு நடுவே நான்கு அங்குல இடைவெளி. தரைக்கு மேல் முப்பது அடி. உச்சியில் கையோ காலோ பிடிமானம் கிடைக்காதபடி ஐந்து அடிக்கு வழவழப்பான தகடு. சுவர் எல்லைக் கோட்டுக்குச் சற்று வடக்கே, அமெரிக்க மண்ணில் நிற்கிறது. அதனால் தென்பக்கத்திலிருந்து சுவரைத் தொடுபவர் ஏற்கெனவே அமெரிக்காவில்தான் நிற்கிறார். சில இடங்களில் இரண்டு அடுக்குச் சுவர். 2023-ல் அந்த இரண்டுக்கும் நடுவில் அடைக்கலம் கேட்டு வந்த நூற்றுக்கணக்கானோர் நாள் கணக்கில் வெட்ட வெளியில் காத்துக் கிடந்தார்கள்.

ஏறுவதற்குக் கட்டடக் கம்பியில் பற்றவைத்த மெல்லிய ஏணி போதும். ஏணி இருப்பது தென்பக்கத்தில் மட்டும். வடக்கே கயிறு, அல்லது குழாயைக் கட்டிப்பிடித்துச் சறுக்க வேண்டும். வழுக்கினால் கணக்கு எளிது. 17 அடியிலிருந்து விழுபவர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவார்; முப்பது அடியிலிருந்து 48 கிலோமீட்டர். உயரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை என்று தோன்றலாம். ஆனால் உடல் தாங்க வேண்டிய ஆற்றல் உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது, எலும்பு அப்படிக் கூடுவதில்லை. நின்ற நிலையில் விழுபவருக்கு முதலில் குதிகால் எலும்பு நொறுங்கும், பிறகு கணுக்காலுக்கு மேல் கீழ்க்கால் எலும்பின் அடிப்பகுதி, அதற்கும் மேல் இடுப்பு முதுகெலும்பு. ஒரே விழுதலில் மூன்றும் உடைவது இங்கே வழக்கமான காயம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனை மருத்துவர்கள் இதை எண்ணி வெளியிட்டார்கள். சுவரிலிருந்து விழுந்து சேர்க்கப்பட்டவர்கள் 2016–2018-ல் 67 பேர். சுவர் உயர்ந்த பின் 2019–2021-ல் 375 பேர். முதல் மூன்றாண்டில் மரணம் இல்லை, அடுத்த மூன்றாண்டில் 16.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பகுதியோடு ஒரு தொடர்பு உண்டு. 2017 பிப்ரவரியில் இலங்கைத் தமிழர் ஒருவர் சான் யிசிட்ரோ அருகே எல்லை தாண்டி 25 கெஜம் வந்த நிலையில் பிடிபட்டார். அடைக்கலத்துக்கான முதற்கட்ட நேர்காணலில் அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் நிலையில் இருப்பவர் ஆட்கொணர்வு மனு வழியே அந்த முடிவை எதிர்க்க முடியாது என்று 2020 ஜூனில் தீர்ப்பானது. சட்டத்தின் கண்ணில் அந்த 25 கெஜம் ‘உள்ளே வந்தது’ ஆகவில்லை.

மூன்றாம் நாள்: கலெக்சிகோ, ஹோல்ட்வில்

இம்பீரியல் பள்ளத்தாக்கு. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரும் ஆல்-அமெரிக்கன் கால்வாய் எல்லையை ஒட்டியே 130 கிலோமீட்டர் ஓடுகிறது. நகரத்தில் வேலி வந்ததும் ஆட்கள் கிழக்கே நகர்ந்தார்கள். அங்கே குறுக்கே கிடந்தது இந்தக் கால்வாய்.

மேலே பார்த்தால் ஏரி போல அமைதி, அடியில் இழுப்பு. கான்கிரீட் போட்ட பகுதிகளில் சரிவில் பாசி பிடித்து வழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் கரையைத் தொட்டு ஏற முடியாமல் களைத்து மூழ்குவார். உடுப்போடும் பையோடும் இறங்குவது, குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த படகை நம்புவது, இரவு. இவை மூன்றும் சேர்ந்தால் போதும். கால்வாய் திறந்த 1942 முதல் 500-க்கும் மேற்பட்டோர் மூழ்கியிருக்கிறார்கள். குறுக்கே மிதவைக் கயிறும் பிடித்து ஏற ஏணியும் போடுவதற்கு 2010 தாண்ட வேண்டியிருந்தது. செலவு என்று பார்த்தால் சுவரின் ஒரு துண்டுக்குக்கூட ஆகாத வேலை.

அடையாளம் தெரியாத உடல்கள் ஹோல்ட்வில் இடுகாட்டின் பின்பகுதியில். கல்லறை இல்லை, செங்கல் அளவில் ஒரு கான்கிரீட் கட்டி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜான் டோ’, ‘ஜேன் டோ’: பெயர் தெரியாத ஆணுக்கும் பெண்ணுக்கும் அமெரிக்காவில் வைக்கும் பொதுப்பெயர்கள்.

நான்காம் நாள்: யூமா

இன்று பெரும்பாலும் சாலைதான். யூமாவுக்குக் கிழக்கே கபேசா பிரியெட்டா பாலைவனத்தில் ‘எல் காமினோ டெல் டியாப்லோ’ என்ற பழைய பாதை இருக்கிறது. பெயருக்குப் பொருள் சாத்தானின் வழி. போக வேண்டுமென்றால் முன்னனுமதிச் சீட்டு, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி, இரண்டு மாற்று டயர், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர். ராணுவக் குண்டுப் பயிற்சிக் களம் நடுவில் வருவதால் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது.

2001 மே மாதம் மெக்சிகோவிலிருந்து 26 ஆண்கள் இந்தப் பாலையில் நுழைந்து வழி தவறினார்கள். 14 பேர் இறந்தார்கள். அவர்களிடம் ஊரில் சொல்லி அனுப்பியது சில மணி நேர நடை என்று.

ஐந்தாம் நாள்: ஆஹோ, லூக்வில்

எட்டு நாளில் மிக முக்கியமான நாள் இது என்பதால் கொஞ்சம் நீளும்.

எல்லையைத் தாண்டிவிட்டால் பயணம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உள்நாட்டுச் சோதனைச் சாவடிகளை மறந்துவிடுகிறார்கள். எல்லையிலிருந்து வடக்கே போகும் முக்கியச் சாலைகளில், பெரும்பாலும் 40 முதல் 120 கிலோமீட்டர் உள்ளே, எல்லைக் காவல் படையின் சாவடி ஒன்று நிற்கும். அதையும் சுற்றிக் கடந்த பிறகுதான் கடத்தல்காரர்களின் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். லூக்வில்லிலிருந்து கீலா பெண்ட் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சாலையில் ஒன்றரை மணி நேரம். மலையும் ஓடையும் சுற்றி, இரவில் மட்டும், விளக்கில்லாமல் நடந்தால் ஐந்து முதல் எட்டு நாள்.

இப்போது தண்ணீர். ஜூன் மாதப் பகல் 42 டிகிரி. சுமையோடு நடக்கும் உடலுக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டராவது வேண்டும். ஐந்து நாளுக்கு நாற்பது லிட்டர். எடை நாற்பது கிலோ. நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ மூன்று குடம். யாராலும் தூக்க முடியாது. தூக்குவது இரண்டு கேன், மொத்தம் ஏழரை லிட்டர். ஆக, கிளம்பும்போதே கணக்கு முப்பது லிட்டருக்கு மேல் குறைகிறது. உறுதி, உடல் வலு, அனுபவம் எதுவும் இந்தக் கழித்தலை மாற்றாது. கேன்கள் கறுப்பு நிறம். வெள்ளை பிளாஸ்டிக் நிலவொளியில் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும் என்பதால். வெயிலில் கறுப்புக் கேனின் தண்ணீர் தேநீர்ச் சூடு ஆகும்.

வேலூர், மதுரை வெயில் பழகியவர்களை இந்தப் பாலை ஏமாற்றும். காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை தோலில் நிற்பதே இல்லை; வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே மணிக்கு ஒரு லிட்டர் இழக்கலாம். சட்டையில் உப்புக் கோடு விழுவது ஒன்றே அடையாளம்.

விபரீதம் பெரும்பாலும் காலில்தான் தொடங்கும். புதுச் செருப்பு அல்லது மலிவு ஷூ, முதல் இரவிலேயே கொப்புளம். கொப்புளம் வந்தவர் பின்தங்குவார், வழிகாட்டி நிற்கமாட்டார். இரண்டாவது, மாட்டுத் தொட்டித் தண்ணீர். பாசி படிந்த அந்தத் தண்ணீரைக் குடித்தால் சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு; குடித்ததைவிட அதிகம் வெளியேறும். மூன்றாவது, தனியானவர் பகலில் நடப்பது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதும் தீர்மானம் குழம்பும். சூடு தாங்காமல் உடுப்பைக் கழற்றுவார்கள். மடித்து வைத்த சட்டையும் ஷூவும் ஓரிடத்திலும் உடல் இன்னோரிடத்திலும் கிடைப்பது இதனால்தான். கடைசியில் ஏதாவது ஒரு மரத்தடி. இங்கே அது பெரும்பாலும் மெஸ்கீட் மரம், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி. வேலிக்காத்தான் என்று நாம் பெயர் வைத்த இனம் இங்கே இந்த வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2019 ஜூனில் லூக்வில்லுக்கு மேற்கே 27 கிலோமீட்டரில் இந்தியாவைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி வெப்பத்தால் இறந்தாள். அன்று 42 டிகிரி. கடத்தல்காரர்கள் எல்லையில் இறக்கிவிட்டுப் போனார்கள். குழந்தையை உடன் வந்த பெண்ணிடம் விட்டுவிட்டுத் தாய் தண்ணீர் தேடிப் போயிருந்தார். அப்போது அங்கே வண்டிகளைத் தடுக்கும் தாழ்வான தடுப்பு மட்டுமே. முப்பது அடிச் சுவர் எழுந்தது 2020-ல்.

சுவர் எழுந்ததும் அறுப்பது தொடங்கியது. கடைகளில் கிடைக்கும் பேட்டரி ரம்பத்தால் குழாயின் அடியை அறுத்தால், மேலே மட்டும் பிடித்திருக்கும் முப்பது அடிக் குழாய் ஊஞ்சல் போல ஆடும், தள்ளிவிட்டு நுழையலாம். வெட்டிய இடத்தைப் பட்டிப் பசையால் பூசி மறைப்பார்கள். பற்றவைத்துச் சரிசெய்தாலும் உள்ளே கான்கிரீட் உடைந்திருக்கும். அடுத்த முறை அதே இடத்தில் ரம்பம் இன்னும் எளிதாக இறங்கும். 2019 முதல் 2021 வரையிலான நிதியாண்டுகளில் மட்டும் இப்படி 3,272 உடைப்புகள் பதிவாயின.

2023 இறுதியில் இந்த வெட்டுகள் வழியே தினமும் நூற்றுக்கணக்கானோர், இந்தியர், செனகல் நாட்டவர் உட்பட, வந்து சரணடையக் காத்திருந்தார்கள். டிசம்பர் 4 முதல் ஒரு மாதம் லூக்வில் வாயிலே மூடப்பட்டது. சட்டப்படியான வாசல் மூடியதால் யாரும் திரும்பிப் போகவில்லை. சுவரோரக் கரட்டுப் பாதையில் குழந்தைகளோடு நடந்தார்கள்.

ஆஹோ ஊரில் தண்ணீர் கொடுத்ததுகூட நீதிமன்ற வழக்கானது. புவியியல் ஆசிரியர் ஸ்காட் வாரன் இரண்டு பேருக்குச் சோறும் இடமும் கொடுத்ததற்காக 2018-ல் கைதானார். 2019 நவம்பரில் நடுவர் குழு விடுவித்தது.

ஆறாம் நாள்: டொஹோனோ ஓ’ஓதாம் நாடு

இது 28 லட்சம் ஏக்கர் பழங்குடி நிலம். எல்லையில் சுமார் 100 கிலோமீட்டர். 86ஆம் நெடுஞ்சாலையை விட்டு விலக வேண்டாம், அனுமதி வேண்டும். மக்களின் ஊர்களும் புனித இடங்களும் எல்லையின் இரு பக்கமும் இருப்பதால் இவர்கள் சுவரை ஏற்கவில்லை. இங்கே நிற்பது தண்டவாள இரும்பைக் குறுக்காகப் பற்றவைத்த வண்டித் தடுப்பு. குனிந்தால் நுழைந்துவிடலாம்.

இரு பக்கமும் சுவர், நடுவில் இந்தத் திறப்பு. நடந்து வருபவர் எங்கே திரும்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் இந்தப் பழங்குடி நாட்டின் சபை கண்காணிப்புக் கோபுரங்களுக்கு ஒப்புதல் தந்தது. சுவருக்குப் பதில் கோபுரம் மனிதாபிமானம் என்று ஒரு வாதம் உண்டு. அது பாதிதான் சரி. கோபுரத்தின் கேமராவுக்கு எட்டாத இடம் என்பது பள்ளத்தாக்கின் அடி, மலையின் பின்புறம். நடை இன்னும் கரடாகிறது, சாலையிலிருந்து இன்னும் விலகுகிறது. புனித மலையான பாபோகிவாரியின் அடிவாரம் இந்த நடையின் முதுகெலும்பு.

ஆங்காங்கே மீட்புக் கம்பங்கள் இருக்கின்றன. உயரே நீல விளக்கு, கீழே சிவப்புப் பொத்தான். ஆங்கிலம், ஸ்பானிஷ், ஓ’ஓதாம் மொழிகளில் அறிவிப்பு. அழுத்தினால் வருவது எல்லைக் காவல் படை. அழுத்துபவருக்கும் அது தெரியும். அதனால் பொத்தானுக்குக் கை போவது மிகத் தாமதமாக.

ஏழாம் நாள்: அரிவாகா, சாசபே

எல்லைக்குத் தெற்கே ஆல்தார் என்ற சிற்றூர் பல ஆண்டுகள் இந்த நடையின் சந்தையாக இருந்தது. கறுப்புக் கேன், மங்கல் நிறப் பை, ஷூவுக்கு மேல் போடும் கம்பள உறை (தடம் விழாமல் இருக்க), உப்புச்சத்துப் பொட்டலம். அங்கிருந்து எல்லையோர ஊரான சாசபேக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

வடக்கே அரிவாகா பக்கத்தில் இரண்டு வகைத் தண்ணீர் கிடைக்கும். 2000-ல் தொடங்கிய ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ அமைப்பு 208 லிட்டர் நீலப் பீப்பாயில் குழாய் வைத்து, முப்பது அடிக் கம்பத்தில் நீலக் கொடி கட்டுகிறது. வெளிச்சம் புகாத நிறம் என்பதால் பாசி குறைவு. வண்டி போகும் இடத்தில் மட்டுமே வைக்க முடியும் என்பது குறை. 2004-ல் உருவான ‘நோ மோர் டெத்ஸ்’ தொண்டர்கள் கேன்களை முதுகில் சுமந்து நடைபாதைகளிலேயே வைக்கிறார்கள். கேனில் தேதி எழுதுவது அவசியம். எந்தத் தடத்தில் தண்ணீர் தீர்கிறது, எதில் தங்குகிறது என்று பார்த்தால் வழி எப்போது மாறியது என்பது தெரிந்துவிடும். காலியாகாத கேன் என்றால் ஆட்கள் இன்னும் உள்ளே போய்விட்டார்கள் என்று பொருள். கத்தியால் கிழித்த கேன்களும் கிடைக்கும். அதனால் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதில்லை.

எட்டாம் நாள்: நோகாலெஸ், டூசான்

நோகாலெஸ் ஒரே ஊர், நடுவில் சுவர். இரு ஊருக்கும் ஒரே வடிகால். 2008 ஜூலையில் அந்தச் சுரங்க வடிகாலுக்குள் ஆள் நுழையாமல் இருக்க அமெரிக்கப் பக்கம் கட்டிய கான்கிரீட் தடுப்பு மழை வெள்ளத்தைத் திருப்பிவிட்டது; தென்பக்கத்தில் இருவர் இறந்தார்கள். வடக்கே போகும் ஐ-19 நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும். அமெரிக்காவில் அது அபூர்வம்.

டூசானில் பீமா மாவட்டப் பிணக்கூறாய்வு அலுவலகம். 1990களில் இங்கே வந்த எல்லைகடப்போர் உடல்கள் ஆண்டுக்கு இருபதைத் தொடவில்லை; 2000களில் 150-ஐத் தாண்டியது. எல்லை முழுவதும் மரணங்கள் 1995–2005-ல் இரட்டிப்புக்கு மேல் ஆயின, கூடுதலில் முக்கால் பங்குக்கு மேல் டூசான் பிரிவில் என்று அரசின் தணிக்கை அமைப்பே 2006-ல் எழுதியது.

வருவது பல சமயம் எலும்பு மட்டும். காரணம் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்றே பதிவாகும். தோல் காய்ந்திருந்தால் விரலைக் கரைசலில் ஊறவைத்து ரேகையை மீட்பார்கள். உடுப்பைத் துவைத்துப் படமெடுப்பார்கள். இடுப்புப் பட்டைத் தையலுக்குள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. இந்த அலுவலகமும் ஹியூமேன் பார்டர்ஸும் சேர்ந்து வைத்திருக்கும் இணைய வரைபடத்தில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் ஒரு உடல். அது இறந்த இடமல்ல, கிடைத்த இடம். நரியும் கழுகும் எலும்பை நகர்த்தும். அதனால் ஒவ்வொரு புள்ளியோடும் இடக்குறிப்பு எவ்வளவு துல்லியம் என்றும் எழுதியிருக்கும்.

தேடும் குடும்பங்கள் தர வேண்டியவை: கிளம்பிய தேதி, கடைசி அழைப்பு வந்த இடம், பச்சை குத்தல், பழைய எலும்பு முறிவு. தாய் அல்லது உடன்பிறந்தவரின் கன்ன உட்பகுதியில் பஞ்சால் எடுத்த எச்சில் மாதிரி. பல் எக்ஸ்ரே இருந்தால் நல்லது. கிராமங்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது கேட்பது ஒரு புகைப்படம். அடையாள அட்டைப் படம் உதவாது, அதில் வாய் மூடியிருக்கும். கல்யாணத்திலோ பிறந்தநாளிலோ எடுத்த, முன்பற்கள் தெரியச் சிரிக்கும் படம் வேண்டும்.